தோய்த்த சோட்டி

அக்கா,

முற்றத்துக் கொடியில் உன் சோட்டி காய்கிறது. நீல நிற வீட்டுச் சட்டை, கழுத்தோரம் தையல் விட்டது. இன்று காலையில் எழுந்து வந்தபோது சவர்க்கார வாசம்தான் முதலில் மூக்கில் அடித்தது. அம்மா தோய்த்துவிட்டார்.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் உன் உடுப்புகளையெல்லாம் சொந்தக்காரர் மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். செத்தவர்களின் உடுப்பு வீட்டில் கிடக்கக் கூடாதாம். மாட்டுக் கொட்டில் ஆணியில் தொங்கிய இந்த ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. பால் கறக்கும்போது நீ போடுவது. வைக்கோல், உன் வியர்வை, தலைக்கு வைக்கும் நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்து அதில் ஒரு மணம் இருந்தது.

சிவப்பி உன்னைத் தவிர யாருக்கும் பால் விடாது என்பது உனக்குத் தெரியும். நீ போன பிறகு நான் வாளியோடு குந்தினால் பாலை மறித்து வைத்துக்கொண்டு உதைக்கும். மடி கட்டிப்போய்க் கத்தும். ஒருநாள் பொறுக்க முடியாமல், கட்டியிருந்த சாரத்துக்கு மேலே உன் சோட்டியை மாட்டிக்கொண்டு போனேன். என் தோளில் மூக்கை வைத்து நன்றாக மணந்தது. பிறகு உதைக்காமல் நின்று பால் விட்டது. உருத்திரபுரத்தில் உழவு இயந்திரம் ஓட்டுகிறவன் மீசையும் சோட்டியுமாகக் குந்தியிருப்பதைப் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, உனக்குப் பொம்பிளை பாக்கச் சொல்லிக் கொம்மா கேட்டவா. நீயே பொம்பிளையா வந்து நிக்கிறாய்?"

நீ கேட்டிருந்தால் வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்திருப்பாய். நான் சிவப்பியின் வயிற்றில் தலையை வைத்து அழுதேன்.

நீயும் அப்படித்தான் தலையை வைத்துக்கொண்டு அதோடு கதைப்பாய். வீட்டு விஷயமெல்லாம் முதலில் அதற்குத்தான் போகும். உன்னைப் பெண் பார்க்க வந்தவனைப் பற்றி அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதவள், "மூக்கு மயிரைக்கூட வெட்டாமல் வந்திருக்கிறானடி" என்று கொட்டிலில் சொன்னாய். வைக்கோல் எடுக்க வந்த நான் அதைக் கேட்டு அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன். எனக்கும் மாட்டுக்கும் உன்னிடம் ஒரே ஏச்சு. "ரெண்டுக்கும் இண்டைக்குத் தீன் இல்லை!" ஆனாலும் என் சாப்பாட்டுக் கோப்பையில் பொரித்த மீன் வழமையைவிடக் கூடத்தான் இருந்தது.

சிறுநீரகம் பழுதாகி, வவுனியாவுக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்த நாட்களிலும் பஸ்ஸால் இறங்கியதும் நீ கேட்பது "மாடு கறந்தாச்சோ?" என்றுதான். கடைசியாகப் போனபோதும் வாசல் படலையில் நின்று கொட்டிலைப் பார்த்து, "வாறனடி" என்றாய்.

இன்று என் குரல் உயர்ந்துவிட்டது. "ஏனம்மா இதைத் தோச்சனீங்கள்?"

"ஊத்தையாக் கிடந்தது மோனை. பிள்ளை எவ்வளவு துப்புரவானவள். அவளின்ர சட்டை உப்பிடிக் கிடந்தால் சனம் என்ன சொல்லும்?"

அம்மாவின் கைகள் இன்னும் ஈரமாக இருந்தன.

சோட்டியை ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டு போனேன். சிவப்பி தோளை மணந்தது, கையை மணந்தது. பிறகு என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் படலையைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றது. கன்றை அவிழ்த்துவிட்டு, வெறும் வாளியோடு குசினி அடுப்படியில் நின்ற அம்மாவிடம் வந்தேன்.

"பால் எங்கை?"

"கண்டு குடிச்சிட்டுது."

"அக்காவும் உப்பிடித்தான். கண்டுக்குத்தான் கூட விடுவாள்" என்றபடி அம்மா பாலில்லாத தேநீரை ஊற்றித் தந்தார்.

அலுமாரியில் தேடிவிட்டேன், உன் தலையணையில் தேடிவிட்டேன். உன் மணம் இனி எங்கேயும் இல்லை, அக்கா. என்னிடம் மிஞ்சியிருப்பது படலையில் நீ சொன்ன அந்தச் சொல் மட்டும்தான். பின்னேரம் சோட்டி காய்ந்ததும் அதைப் போட்டுக்கொண்டு போய், "வாறனடி" என்று உன்னைப் போலச் சொல்லிப் பார்க்கப் போகிறேன். சிவப்பி நம்பாது. எனக்கே நம்பிக்கை இல்லை.