மெல்லிசுத் தகடு

ஐப்பசி 12, செவ்வாய்

கொழுந்தன் குமார் இன்னைக்கு வந்தான். பஞ்சுப் போர்வையில பூ தைக்க, என்னோடது மாதிரியே பெரிய தையல் மெஷின் வாங்கி, செஞ்சி டவுன் பஜார்ல கடை போட்டிருக்கான். என் கஸ்டமர் ரெண்டு பேரு ஏற்கெனவே அவன் பக்கம் போயாச்சு. பூ வளைவு பிசகாம இருக்க, துணியை அமுக்குற மெஷின் பாதத்தை ஒட்டி வைக்கிற பிளாஸ்டிக் தகடு வேணுமாம்.

"அண்ணி, மெல்லிசு வாங்கட்டுமா, தடிமன் வாங்கட்டுமா?" போன்ல படம் காட்டினான்.

நான் மொதல்ல வாங்கினது மெல்லிசுதான். அது பாதத்துக்கு அடியில வழுக்கிப் போச்சு. ஊசி அது மேல குத்தி ஒடைஞ்சு, துண்டு என் புருவத்துல ஏறுச்சு. ரத்தத்தோட நின்னேன். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பெரிய மெஷின்"னு சிரிச்சவன் இவன்தான். ஏன் ஒடைஞ்சுதுன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை கேக்கல.

"மெல்லிசே போதும்"னேன். என் எதிர்லயே ஆர்டர் போட்டான். டீயும் குடுத்து அனுப்பினேன்.

அப்பலேர்ந்து தழும்பைத் தடவிக்கினே இருக்கேன். இப்பதான் ஒரு மெசேஜ் போட்டேன்: "கண்ணாடி போட்டுக்கினு தை." ஏன்னு கேட்டிருக்கான். பதில் போடல.

கண்ணு தப்பிச்சா போதும். ஊசி ஒடையிற அன்னைக்கு அவன் கடைக்குப் போயி நின்னு சிரிப்பேன்.