ஊதிய பிறகுதான் பூ

மண்ணுக்குள் போன பிறகும் என் வாசலை விட்டுப் போகாத எஸ்தருக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. நலம் விசாரித்துவிட்டு மெல்ல இதற்கு வரலாம் என்றுதான் நினைத்தேன், பேனா கேட்கவில்லை. உன் நினைவு நாளுக்குச் சபைப் பத்திரிகையில் நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நாலு வரியோடு நிற்கிற ஆளா நான்? சபையார் படித்தால் படிக்கட்டும். குருத்தோலை ஞாயிறன்று என் கதை தெருவுக்கே தெரிந்துவிட்டது. உனக்குத்தான் இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நமக்குள் இருந்த ஏற்பாட்டை முதலில் இவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் குடியை விட்ட நாளிலிருந்து, செல்லூர் தறிப் பட்டறையில் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நீ எதிரே வந்து நிற்பாய். "ஊதுங்க" என்பாய். போலீஸ்காரர்கூட அவ்வளவு மிடுக்காகக் கேட்க மாட்டார். நான் உன் முகத்துக்கு நேராக ஊதுவேன். மோந்து பார்த்துவிட்டு, "ம்... இஞ்சி டீ. கூட ரெண்டு வடை. ராத்திரிக்குப் பசிக்குதுன்னு சொல்லக் கூடாது" என்று வழி விடுவாய்.

எத்தனையோ வருஷம் ஆன பிறகும் நீ அதை விடவில்லை. "இன்னுமா என்னய நம்பல?" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். "ஒங்கள நம்புறேன். ஒங்க வாயத்தான் நம்பல" என்றாய். என் கல்லீரலைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இனிமே ஒரு வாய் உள்ள போச்சுன்னா என்கிட்டத் தூக்கிட்டு வராதீங்கம்மா" என்று உன்னிடம்தானே சொன்னார். அதனால் காவலும் உன்னுடையதாகிவிட்டது.

யார் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக் வந்தாலும், ரம் ஊற்றிச் சுட்டிருப்பார்களோ என்று முதல் துண்டு உன் மூக்குக்குத்தான். பேரையூரில் என் அண்ணன் மகன் கல்யாணத்தில், பந்தி முடிந்ததும் பங்காளிகள் என்னைத் தோப்புப் பக்கம் கூப்பிட்டார்கள். பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, "ஏங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாய். நமக்குப் பஸ்ஸே சாயங்காலம்தான். அத்தனை நேரமும் பேரையூர் பஸ் நிலையத்தில் கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா?

திருவிருந்திலும் அப்படித்தான். பீடத்துக்கு முன்னால் முழங்காலிடும்போது நீ என் வலப்பக்கம். அப்பத்தை வாங்கிக்கொள்வேன். திராட்சரசமும் ஒயின்தானே, அந்தப் பாத்திரம் கிட்டே வரும்போது உன் முழங்கை என் விலாவில் ஒரு இடி இடிக்கும், நான் தலையைக் குனிந்துகொள்வேன். பழைய போதகருக்கு விஷயம் தெரியும். பாத்திரம் என்னைத் தாண்டி உன்னிடம் போய்விடும்.

நீ போன பிறகு வாசலில் யாரும் இல்லை. திருப்பூரிலிருந்து நம் ஜெசி தினமும் வீடியோ காலில் வருகிறாள். ஒரு சாயங்காலம், "அப்பா, ஊதுங்க" என்றாள். ஊதினேன். போன் கண்ணாடி மங்கியது. "சரிப்பா" என்றாள். அப்புறம் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. போனில் எங்கே மணக்கும்? சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முதல் உதறல் எடுத்தது. குடித்துவிட்டு ஊதினாலும் இவளுக்குத் தெரியாது என்று என் மனசு ஒரு கணக்குப் போட்டது. நான் போடச் சொல்லவில்லை, அதுவாகவே போட்டது. இத்தனை வருஷ ஜெபமும் உபவாசமும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் கட்டுப்பாடும் அப்போது எங்கே போயிருந்தன? பிசாசு வந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அது என் சொந்தக் குரலில், அதுவும் சாந்தமாகப் பேசுகிறது எஸ்தர்.

மறுநாளிலிருந்து பட்டறையிலிருந்து வீட்டுக்குச் சுற்று வழியில் வருகிறேன். கடை இருக்கிற தெருவில் நடப்பதில்லை. பசித்தால் குடி நினைப்பு வரும் என்று பசியோடு வெளியே நிற்பதில்லை. ஆனாலும் வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது கை நடுங்குகிறது. உள்ளே யாரும் இல்லை என்பதுதான் காரணம்.

இந்த வருஷம் நம் சபைக்குப் புதுப் போதகர் வந்திருக்கிறார். சின்ன வயது, ஜெசியைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். நான் ஞாயிறு தவறாமல் வருவதையும், பாய் விரிப்பதையும், சத்தம் போடாமல் ஒரு ஓரமாக நிற்பதையும் பார்த்திருக்கிறார். "அண்ணே, ஒங்கள மாதிரி நிதானமான ஆளுதான் எனக்கு வேணும். இனிமே திருவிருந்துல பீடத்துக்கிட்ட நின்னு எனக்கு ஒத்தாசை பண்ணுங்க" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நீ பக்கத்தில் இருந்திருந்தால் இடித்திருப்பாய். அந்தப் புகழ்ச்சி காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. சாராயத்துக்கு அப்புறம் எனக்கு அப்படி இனித்தது அதுதான். வெள்ளை அங்கி தைத்துக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றேன். அப்பத் தட்டைப் பிடிக்கிற வேலைதானே, அதில் என்ன ஆபத்து என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. பவனிக்குத் தெரு கொள்ளாத கூட்டம். கூட்டத்தைப் பார்த்துப் போதகர் பாத்திரத்தில் நிறையவே ரசம் ஊற்றிவிட்டார். ஆனால் வெயில் கொளுத்தியதில் பாதிப் பேர் ஓலையைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். எல்லாரும் வாங்கி முடித்த பிறகும் பாத்திரத்தில் பாதிக்கு மேல் மிச்சம்.

ஆசீர்வதித்த ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது, திரும்பப் பாட்டிலிலும் விடக் கூடாது, பீடத்தண்டை நின்றவர்களே குடித்து முடிக்க வேண்டும். இது உனக்குத் தெரிந்ததுதான். வழக்கமாகப் போதகரே முடித்துவிடுவார். அன்றைக்கு அங்கி மாற்றும் அறையில் பாத்திரத்தை என் கையில் கொடுத்தார். "அண்ணே, எனக்குச் சுகர் ஏறிக் கெடக்கு. கிளைச் சபைக்கு வண்டி வேற ஓட்டணும். இம்புட்டுத்தான இருக்கு, நீங்க முடிச்சிருங்க. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அறையில் நானும் அந்தப் பாத்திரமும்தான். மேலே போட்டிருந்த வெள்ளைத் துணியை எடுத்தேன். மணம் வந்தது. வாயில் எச்சில் ஊறிவிட்டது. என் வாயே எனக்கு அந்நியமாகிப் போனது.

'இது குடி இல்லை ஞானதுரை' என்றது உள்ளே இருந்த அந்தச் சாந்தமான குரல். 'இது ஊழியம். கொட்டினால்தான் பாவம். உன்னை நம்பித்தானே கொடுத்திருக்கிறார்.' எவ்வளவு நியாயமான பேச்சு! ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பங்காளிகள் தோப்புக்குக் கூப்பிட்டபோது எனக்கு இப்படிப் பயம் வரவில்லை. அதைச் சோதனை என்று யாருக்கும் தெரியும். இதை யாரிடம் போய்ச் சோதனை என்று சொல்வேன்?

ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினேன். மூடினால் மணம் கூடுகிறது. பதறித் திறந்துகொண்டேன். நம் ஆண்டவரும் சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில், தான் குடிக்க வேண்டிய பாடுகளின் பாத்திரத்தை நினைத்துத்தானே வியர்த்துப் போனார். அவருடைய பாத்திரம் எங்கே, என்னுடையது எங்கே. ஆனாலும் பயந்து நடுங்குகிறவனை அவர் கேவலமாக நினைக்க மாட்டார் என்று அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். வலது விலாவில் ஒரு இடி விழாதா என்று காத்திருந்தேன். விழவில்லை. பாத்திரம் என் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. அதை நான் தூக்கிய ஞாபகமே இல்லை.

ஓடினேன் எஸ்தர். அங்கியோடு, இரண்டு கையிலும் பாத்திரத்தோடு, ரசம் சிந்திவிடக் கூடாதே என்று குனிந்துகொண்டே ஓடினேன். வெளிவாசலில் ஓலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். போதகர் தெருவில் வண்டியைக் கிளப்பிவிட்டார். "ஐயா!" என்று கத்தினேன். "ஐயா, நான் குடிகாரன்! இது ஒரு மடக்கு உள்ள போனா நான் நேரா கடைக்குத்தான் போவேன். என்னால முடியாது ஐயா. வாங்கிக்கங்க!"

தெருவே நின்றது. போதகர் வண்டியை அணைத்தார். பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். துணியால் துடைத்தார். என்னைக் கட்டிப்பிடிக்கத்தான் கிட்டே வந்தார். பாதியில் நின்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் தள்ளியே நின்னுக்கிறேன் அண்ணே. இப்ப என் வாயில அந்த வாடை இருக்கும்" என்றார்.

அதுவரைக்கும் தாங்கிக்கொண்டிருந்த நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் வண்டிச் சாவியைக் கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, தான் பின்னால் ஏறிக் கிளைச் சபைக்குப் போனார்.

இப்போது சிலர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, சிலர் ரொம்பப் பார்க்கிறார்கள். அங்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், போதகர் வாங்கவில்லை. நம் ஏற்பாட்டை அவரிடம் சொல்லியிருந்தேன். "தட்டை மட்டும் பிடிங்க, பாத்திரத்த நான் பாத்துக்கிறேன். ஆனா அங்கி போடுறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு ஊது ஊதிருங்க" என்றார். ஞாயிறுதோறும் ஊதுகிறேன். அவருக்கு உன் மூக்கு வராது. டீயா காபியா என்றுகூடக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

ஞாயிறுக்கு அவர் இருக்கிறார். மற்ற நாளுக்கு யார்? தெருவில் கத்தினேனே, அன்றோடு தைரியம் வந்துவிட்டது என்று சாட்சி சொல்லத்தான் எனக்கும் ஆசை. வரவில்லை. அன்று ஓடிய கால் இன்னொரு நாளும் ஓடும் என்று என்ன உறுதி?

ஈஸ்டருக்கு ஜெசி வந்திருந்தாள். பூக்காரி வாசலில் நின்றபோது, "உங்கம்மா சாயங்கால ஜெபத்துக்குப் போகும்போதுதான் மல்லிகை வப்பா" என்றேன். ஜெசி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஜெபத்துக்கா? ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாப்பா? நீங்க வந்து ஊதுற வரைக்கும் அம்மா பூவைத் தொடாது. வாசம் மூக்கை ஏமாத்திரும்னு சொல்லும். ஈரத் துணியில சுத்தித் தண்ணிப் பானை மேல வச்சிருக்கும். நீங்க ஊதி முடிச்சு உள்ள போன பிறகுதான் எடுத்து வைக்கும். வைக்கும்போது கையெல்லாம் ஆடும்பா."

உனக்குமா எஸ்தர்? அத்தனை வருஷமும், அந்த மிடுக்குக்குப் பின்னால், தினமும் சாயங்காலம் நீயும் என்னைப் போலவே பயந்துகொண்டா வாசலில் நின்றாய்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பயத்தோடேயே இத்தனை வருஷம் நிற்க முடியும் என்றால், நானும் நின்று பார்க்கிறேன்.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் விழவே மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்த வாயை நீயே நம்பவில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்து நேராக உன் கல்லறைக்கு வருவேன். குனிந்து ஊதுவேன். ஊதிய பிறகுதான் பூ வைப்பேன். என்றைக்காவது நான் பூ இல்லாமல் வந்து நின்றால், என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள். ஒளிக்க மாட்டேன், வராமலும் இருக்க மாட்டேன்.

இந்தச் சனிக்கிழமைக்குப் பூ வாங்கியாகிவிட்டது. ஈரத் துணியில் சுற்றித் தண்ணீர்ப் பானை மேல் வைத்திருக்கிறேன்.

இன்னும் கை நடுங்குகிற உன் வீட்டுக்காரன்,
ஞானதுரை