மதலைமுத்து முழுங்கிய மாத்திரைகள்

இயேசு மரி சூசை துணை

குடவாசல்,
14.7.2024

அமலோற்பவத்துக்கு அண்ணி ஃபிளோரா எழுதுவது.

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பார்த்தேன், பேனா ஓடவில்லை. நாங்கள் இங்கே சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் பொன்மலைப்பட்டியில் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போனில் பேசக்கூடாதா என்று கேட்பாய். போன மாதம் நான் கத்தியதைப் பதிவு பண்ணிக் குடும்பக் குரூப்பில் போட்டாய் அல்லவா? பூம்புகார் சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு, "நம்ம மருமகளுக்கு நல்ல தொண்டை" என்றாராம். அன்றைக்கே உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். இனி நமக்குள் காகிதம்தான். இதையும் குரூப்பில் போடுவதானால் போடு. என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும்.

நீ உன் அண்ணனுக்கு அனுப்பிய டப்பாக்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குலுக்கிக் குடிக்கிற பவுடராம், பச்சை மாத்திரையாம், நரம்பு கேப்சூலாம். விலையைப் பார்த்தேன். ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுகிற மனுஷன், மாதா மாதம் மூன்று மூட்டை நெல்லை விற்றுப் பவுடர் கரைத்துக் குடிக்கணுமா? இதை விற்று உனக்கு அந்தக் கம்பெனியில் பாயிண்ட் ஏற வேண்டும் என்றால் வேறு ஆளைப் பார்.

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் பார்த்த கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டர் பி12 குறைச்சல் என்று தினம் ஒரு மாத்திரை எழுதினார். அங்கே சும்மாவே தருகிறார்கள். இல்லாத மாதம் கடையில் வாங்கினாலும் கையைக் கடிக்காது. கூடவே நானாகப் பார்த்து மெடிக்கலில் ஒரு நரம்பு மாத்திரை வாங்கி ராத்திரிக்குக் கொடுக்கிறேன். முட்டை, கீரை, மீன் எல்லாம் வீட்டிலேயே ஆகிறது. எங்கள் சம்பாத்தியத்துக்கு இது போதும்.

இப்படிக்கு,
ஃபிளோரா


பொன்மலைப்பட்டி, திருச்சி
23.7.2024

மரியாதைக்குரிய அண்ணிக்கு அமலோற்பவத்தின் தோத்திரம்.

டப்பாக்கள் வந்து சேர்ந்தன. ஒன்று நசுங்கியிருந்தது. அதை பஸ்ஸில் போட்டவர்கள் நசுக்கினார்களா, நீங்கள் நசுக்கி அனுப்பினீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

அங்கன்வாடியில் ஊரார் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்துக் கொடுத்து உங்களுக்கு டாக்டர் என்ற நினைப்பு வந்துவிட்டது. எங்கள் மதலைமுத்து அண்ணன் வரிசையில் நின்று தர்ம மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டும், அதில் உங்களுக்குப் பெருமை.

நான் பாயிண்டுக்காக அனுப்பினேன் என்று எழுதிவிட்டீர்கள். இந்தக் குடும்பத்துக்கு நீங்கள் வரும்போது எங்கள் அப்பா இல்லை. சர்க்கரையில் முதலில் கால் மரத்தது. அப்புறம் புண். அப்புறம் முழங்காலோடு எடுத்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அண்ணன்தான். அந்த அண்ணனுக்கும் அதே சர்க்கரை வந்திருக்கிறது. எனக்குத் தூக்கம் வருமா? நீங்கள் மூட்டைக் கணக்குப் பார்க்கிறீர்கள்.

நீங்கள் வாசலை அடைத்தால் எனக்கு வேறு வழி தெரியாது என்று நினைக்க வேண்டாம். நான் எது கொடுத்தாலும் என் அண்ணன் வேண்டாம் என்று சொன்னதில்லை.

தங்கள்,
அமலோற்பவம்


இயேசு மரி சூசை துணை

குடவாசல்,
2.9.2024

அமலோற்பவத்துக்கு,

உன் கண் பட்டதோ, வாய் பட்டதோ தெரியவில்லை. உன் அண்ணனுக்குக் கால் மரக்கிறது. "சாக்ஸ் போட்டுக்கிட்டு நடக்குற மாதிரி இருக்கு ஃபிளோரா" என்கிறார். அவர் ஆயுசில் சாக்ஸ் போட்டவரா? நேற்று வயலிலிருந்து ஒரு கால் செருப்போடு வந்து நிற்கிறார். இன்னொன்று எங்கே என்றால் குனிந்து பார்த்துவிட்டு முழிக்கிறார். வாய்க்காலில் கழன்று போனதுகூடத் தெரியவில்லை.

உடனே உனக்கு வாயெல்லாம் பல்லாக இருக்குமே! "என் டப்பாவைத் திருப்பி அனுப்பியதால்தான்" என்பாய். அந்த நினைப்பே வேண்டாம். நரம்பு மாத்திரையைக் காலையும் ராத்திரியும் ஆக்கிவிட்டேன். அதற்கு மேல் சத்து மாத்திரை ஒன்றும் வாங்கியிருக்கிறேன், எல்லா வைட்டமினும் ஒன்றாகச் சேர்ந்தது. நான் என் புருஷனுக்குக் கஞ்சத்தனம் பண்ணுகிறேன் என்று நன்னிலத்துச் சொந்தக்காரர்களிடமெல்லாம் நீ போன் போட்டுச் சொன்னது என் காதுக்கு வந்தது. யார் கஞ்சம் என்று இப்போது சொல்.

ஃபிளோரா


பொன்மலைப்பட்டி,
20.9.2024

அண்ணிக்கு,

வாயெல்லாம் பல்லா? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அப்பாவும் இதையேதான் சொன்னார். கால் இருக்கிறது, ஆனால் இல்லாத மாதிரி இருக்கிறது என்பார்.

நான் அனுப்பியபோதே கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. இப்போது போய் நானும் கொடுக்கிறேன் என்று மெடிக்கலில் எதையோ பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். என்னிடம் வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு எரிச்சல், மதமதப்பு எல்லாம் போயிருக்கிறது. வீடியோ இருக்கிறது. உங்களுக்கு அனுப்பலாம் என்றால் பிளாக்.

உங்கள் மாத்திரையை நம்பி என் அண்ணனின் காலை விட்டுவிட மாட்டேன். அவர் காலுக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சோற்றை மட்டும் நேரத்துக்குப் போடுங்கள்.

அமலோற்பவம்


தஞ்சாவூர்,
24.11.2024

அமலோற்பவம்,

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தலைப்பில் சாமி பெயர்கூடப் போடவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

பத்து நாளைக்கு முன்னால் மழை விட்டதும் மேலுரம் போட வயலில் இறங்கினார். எவனோ குடித்துவிட்டுப் போட்ட பாட்டில் சேற்றுக்குள் உடைந்து கிடந்திருக்கிறது. உள்ளங்காலில் நீளமாகக் கிழித்துவிட்டது. இவருக்குத் தெரியவில்லை. கிழிந்த காலோடு மிச்ச உரத்தையும் வீசிவிட்டு வரப்பில் ஏறியிருக்கிறார். உரக்கடைக் கண்ணுசாமி பார்த்துவிட்டு, "என்னய்யா வரப்பெல்லாம் ரத்தம்?" என்று அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தாராம். தையல் போட்டு, புண் சீழ் வைத்து, இங்கே கொண்டுவந்தோம்.

இங்கே ஒரு டாக்டரம்மா. வயசு நம் பிள்ளைகள் வயசுதான் இருக்கும். "இவர் வாய்ல போடுற எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க, ஒண்ணு விடக்கூடாது" என்றது. நான் என்னுடையதை எடுத்து வந்தேன். உன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "மோட்டார் கொட்டகையில சாக்குக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார்.

உன் டப்பாக்கள்! கண்ணுசாமி கடை விலாசத்துக்கு மாதா மாதம் பார்சல். அங்கிருந்து கொட்டகைக்கு. காலையில் வீட்டில் என்னுடையதை முழுங்கிவிட்டுப் போய், மத்தியானம் உன்னோடு போனில் பேசிக்கொண்டே உன்னுடையதை முழுங்கியிருக்கிறார். கால் மரத்தது என்றதும் நான் ஒன்றுக்கு இரண்டாக்கினேன். நீயும் ஆக்கியிருக்கிறாய்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, பொடி எழுத்தைப் படித்தது. என் நரம்பு மாத்திரையில் பி6. என் சத்து மாத்திரையில் பி6. உன் பவுடரில், பச்சை மாத்திரையில், கேப்சூலில், எல்லாவற்றிலும் அதே பி6. சர்க்கரையும் ஒரு காரணம்தானாம். ஆனால் மாதக் கணக்கில் இதை இவ்வளவு சாப்பிட்டால் இதுவே காலை மரக்க வைக்குமாம்.

"சத்துதானே டாக்டர்?" என்றேன்.

"யூரியாவும் சத்துதாம்மா. அள்ளிக் கொட்டுனா பயிர் என்னாகும்னு உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க" என்றது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உன் டப்பாவில் மட்டும் இருந்திருந்தால் உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். என்னுடையதிலும் இருந்ததே, அதுதான் வயிறு எரிகிறது.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "பாப்பா கேட்டா சாப்பிட்டேன்னு சொல்லணும். நீ கேட்டாலும் சாப்பிட்டேன்னு சொல்லணும். எனக்குப் பொய் சொல்ல வரல. ரெண்டையும் சாப்பிட்டுட்டா சண்டை ஓஞ்சுடும்னு பார்த்தேன்" என்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்.

நீ இங்கே வராதே. வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

ஃபிளோரா


பொன்மலைப்பட்டி,
3.12.2024

அண்ணிக்கு,

வராதே என்றீர்கள். வந்தேன். நீங்கள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தீர்கள். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார்.

கட்டுப் போடாத காலின் உள்ளங்காலில் விரலை வைத்து லேசாகக் கீறினேன். சின்ன வயசில் அவருக்கு அங்கே தொட்டாலே கூசும், வீடே அதிரச் சிரிப்பார். அன்றைக்கு அசையவில்லை. நன்றாக அழுத்தியும் கீறினேன். தூங்கிக்கொண்டேதான் இருந்தார். அப்புறம் என்னால் அங்கே நிற்க முடியவில்லை, பஸ் ஏறிவிட்டேன்.

என் மேல் குற்றம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அந்த டப்பாக்களை நீங்கள் வாங்கி வீட்டு அலமாரியில் வைத்திருந்தால் என்ன? கொடுக்காமல்கூட வைத்திருக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். நீங்கள் திருப்பி அனுப்பியதால்தான் அது கொட்டகைக்குப் போனது. என்னைத் திருடி மாதிரி கடை விலாசத்துக்குப் பார்சல் போட வைத்தது உங்கள் திமிர்தான்.

நானும் அதே மூன்றையும் இரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறேன். என் வீட்டுக்காரரும் சாப்பிடுகிறார். இப்போது எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கம்பெனிக்காரர்களைக் கேட்டால் இன்னொரு டப்பாவைச் சொல்கிறார்கள்.

அமலோற்பவம்


இயேசு மரி சூசை துணை

குடவாசல்,
19.12.2024

அமலோற்பவத்துக்கு,

திமிர் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. நீ சொன்னது பொய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. கிறிஸ்துமஸுக்கு இங்கே வர வேண்டாம். கேக்கும் அனுப்ப வேண்டாம்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். புண் ஆறுகிறது. உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்கு, "எல்லாத்தையும் நிறுத்திட்டீங்கல்ல, மெதுவா வரலாம். சிலருக்கு முழுசா வராது" என்றது டாக்டரம்மா. அதுவரை சேற்றில் கால் வைக்கக் கூடாது. நிலக்காரர் சித்திரை வரைக்கும் பார்ப்பேன் என்றிருக்கிறார். அதற்குள் இவர் இறங்க முடியாவிட்டால் குத்தகை வேறு ஆளுக்குப் போய்விடும். இவருக்கு வேறு என்ன வேலை தெரியும்?

இப்போது அவர் சாப்பிடுவதை அவரே முடிவு பண்ணிவிட்டார். "இனிமே நீயும் எடுத்துத் தராத, அவளும் அனுப்ப வேண்டாம். என் உடம்புக்கு நான் கேட்டுக்குறேன்" என்று டாக்டரம்மாவிடம் நேராகப் போய் உட்கார்ந்து கேட்டார். சர்க்கரை மாத்திரை. தினம் பி12 மட்டும் ஒன்று, வேறு எதுவும் கலக்காதது. அவ்வளவுதான். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். நான் கேட்டால் பதில் சொல்வதில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறார்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். அங்கன்வாடிக்கு வருகிற யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், உனக்கென்று தனியாக இல்லை. மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போ. ரத்தம் பார்க்கச் சொல். எது குறைச்சலோ அதற்கு மட்டும் வாங்கு. குறையாததற்குக் காசு கொடுக்காதே.

ஃபிளோரா


இயேசு மரி சூசை துணை

குடவாசல்,
6.5.2025

அமலோற்பவத்துக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. உன்னோடு எனக்கு ராசி ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை. குத்தகையை நிலக்காரர் இன்னும் ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்.

இன்று காலையில் உன் அண்ணன் கொல்லையில் வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். திடீரென்று, "அய்யோ, கடிச்சிடுச்சு!" என்று ஒரு சத்தம். கரண்டியோடு ஓடினேன். இடது காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நிற்கிறார். கால் விரல் இடுக்கில் ஒரு கட்டெறும்பு.

"எரியுதா?" என்று கேட்டேன். "உசிரு போகுதுடி!" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்னைப் பார்த்தார். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பக்கத்து வீட்டில் சொன்னேன். எறும்பு கடித்ததற்கா இப்படி அழுகிறாய் என்று சிரிக்கிறாள். கண்ணுசாமிக்கும் புரியவில்லை. இதைக் கேட்டு என்னைப் போலவே உட்கார்ந்து அழக்கூடியவள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். உன்னிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அண்ணி