வேலு இழுத்த வயர்

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. சமையலறை இருட்டு. எலி வயரைக் கடித்துவிட்டது. பூனை அளவு எலி. மலாக்கா முழுக்க அப்படியொன்றைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

வாங்க: பல்ப், மண்ணெண்ணெய், கருவாடு.

டவுனில் லைசென்ஸ் உள்ள சீன வயர்மேன் அடுத்த மாதம்தான் வருவாராம். எனக்கா ஆள் இல்லை? டுரியான் துங்கால் எஸ்டேட் எஞ்சின் கொட்டகையில் வேலு இருக்கிறான். லைசென்ஸ் கிடையாது, கை உண்டு. அவன் வித்தையில் பாதி நான் சொல்லிக்கொடுத்தது. (டைனமோவை எனக்குக் காட்டியதே அவன்தான். இருக்கட்டும்.)

மனைவி செல்லம்மா: "லைசென்ஸ் ஆளு வர்ற வரைக்கும் மண்ணெண்ண வெளக்கு போதாதாக்கும். தொரைக்குப் பொறுக்காதே."

நவம்பர் 5, புதன்

வேலு வந்தான். மதியத்துக்குள் சமையலறையில் வெளிச்சம். தெருவே திரண்டு வந்து பார்த்தது. சரி, பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். முன்னறை பாக்கி. வயர் போதவில்லை.

நவம்பர் 8, சனி

எழுதக் கை வரவில்லை.

வேலுவை அழைத்துவர நானே போனேன். திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை. அவன் பையில் வயர்ச் சுருள், குறடு, டார்ச் பேட்டரி. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்குப் போகிற சாமானோ என்று போலீஸ்காரருக்குச் சந்தேகம். வீட்டு வேலைக்கு என்று சொல்லியிருந்தால் வீட்டை வந்து பார்த்துவிட்டு விட்டிருப்பார். நான் முந்திக்கொண்டேன். துவான் துவான் என்று குழைந்து, இவன் கவர்மெண்ட் வயர்மேன், லைசென்ஸ் உண்டு என்று மலாயில் அடித்துவிட்டேன்.

லைசென்ஸை எடு என்றார்.

வேலு என்னைப் பார்த்தான்.

சாயங்காலம் என்னை மட்டும் அனுப்பினார்கள். போலீஸ் லாரியில் ஏறும்போது வேலு சொன்னான்: "மாமா, பாக்கியத்துக்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

போய்ச் சொன்னேன். அவன் மனைவி கொடியிலிருந்த அவன் சட்டையை எடுத்து மடித்தாள்.

நவம்பர் 12, புதன்

வெயில். போலீஸ் ஸ்டேஷன் துரையிடம் இங்கிலீஷில் ஒரு பிடி பிடித்ததாகச் செல்லத்திடம் சொன்னேன். பேசியது வாசலில் உட்கார்ந்து பேரெழுதும் ஒரு கிராணியிடம். முகாமில் அடைக்கலாம், கப்பலேற்றி இந்தியாவுக்கும் அனுப்பலாம் என்றார். வேலு இங்கே பிறந்தவனா என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 19, புதன்

மறுபடி மழை. சீன வயர்மேன் சொன்னதற்கு முன்பே வந்துவிட்டார். வேலு போட்டதை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புது வயர் இழுத்தார். எர்த் வயரே இல்லையாம். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டிருந்தால் செல்லம் போயிருப்பாளாம். வேலை தப்புதான். ஆனால் எர்த் வயருக்காக யாரையும் முகாமில் அடைப்பதில்லை.

நவம்பர் 22, சனி

பாக்கியம் வந்தாள். ராத்திரி ஊரடங்கு முடிந்து எஸ்டேட் முள்வேலிக் கேட் திறந்ததும் முதல் பஸ் பிடித்திருக்கிறாள். வேலுவை எங்கோ வடக்கே கொண்டுபோய்விட்டார்களாம். அழவில்லை. சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

"அவரு போட்ட லைட்டு எரியுதா மாமா?"

என் புளுகு ஒன்றையும் விட்டுவைக்காத செல்லம்தான் பதில் சொன்னாள்.

"எரியுது புள்ள. அவரு போட்டபடியேதான் கெடக்கு."

பாக்கியம் போட்டுக் காட்டச் சொன்னாள். சுவிட்சைத் தட்டினேன். பகலில் சரியாகத் தெரியவில்லை. பல்புக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.