பனியாற்றின் முன்னால் அண்ணி கேட்ட கேள்வி

என் அண்ணைக்கு,

உங்களைச் செத்தவர் என்று வைத்து எழுதும் முதல் கடிதம் இது. கை ஓடவில்லை. எழுதாமல் விடவும் முடியவில்லை.

சண்டைக் காலத்தில் அண்ணியையும் பிள்ளையையும் என்னையும் முதலில் விமானம் ஏற்றிவிட்டு, நீங்கள் மன்னாரில் படகேறினீர்கள். அந்தப் படகு இந்தியாவில் கரை சேரவேயில்லை. அன்றிலிருந்து ஜெர்மனியின் இந்தக் கெல்சென்கிர்ச்சன் வீட்டில், அண்ணிக்கு நீங்கள் வெளியே போயிருக்கும் மனுஷன். திவசப் பேச்சை எடுத்தாலே, "உடம்பைக் கண்டனியோ? காணாமல் எப்பிடிக் கடமை செய்யிறது?" என்று என்மேல் பாய்வார். பிறகு நாள்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். இப்படியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

பயணத்தை ஒழுங்கு செய்தவள் உங்கள் மகள். நோர்வேப் பனியாறுகளும் திமிங்கிலங்களும் பார்க்கும் கப்பல். "அம்மா ஒருக்கா வெளியில போய் வரட்டும். சித்தப்பா, நீங்களும் கூடப் போங்கோ" என்றாள். கடல் பார்க்க யாரை அனுப்புகிறாள் பாருங்கள்! கீல் துறைமுகத்தில் ஏறும்போதே எனக்கு மனம் சரியில்லை.

கடல்நாய்களைக் கண்டு சனம் கூச்சலிட்டுப் படம் எடுத்தது. தண்ணீருக்கு மேல் தெரிந்த அந்தக் கறுத்த உருண்டைத் தலைகளை அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

பனியாற்றுக்குக் கிட்டப் போக எங்களைச் சிறு படகுக்கு மாற்றினார்கள். பனி மேலே ஏறிப் போய்விட்டது, கீழே வெறும் சாம்பல் கல். வழிகாட்டி ஒரு ஜெர்மன் பெண். பனிப்பிளவில் விழுந்து செத்தவர்களை, பல வருஷம் கழித்துப் பனி உருகும்போது அடிவாரத்தில் கண்டெடுப்பதுண்டு என்றாள்.

அண்ணி என் கையைப் பிடித்தார்.

"தம்பி, கடலும் அப்பிடித் தருமோ எண்டு கேள்."

"விடுங்கோ அண்ணி."

"கேள் எண்டுறன்!"

ஜெர்மனில் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. "நைன்", இல்லை என்று தலையாட்டினாள். அவ்வளவு காலத்துக்குக் கடலில் ஒன்றும் மிஞ்சாது என்றாள்.

"தனக்குத் தெரியாதாம், அண்ணி."

"எனக்கும் டொச் விளங்கும்" என்றார்.

கப்பலுக்குத் திரும்பினோம். தன் அறைக் கதவில் நின்று, என் முகம் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, நான் தோயப்போறன். நீயும் போய்த் தலையோட தோய்."

காலையில் குளித்துவிட்டுத்தான் புறப்பட்டிருந்தோம். சாவுச் செய்தி கேட்டால் எங்கள் வீட்டில் முதலில் என்ன செய்வோம், அண்ணை? பக்கத்து அறைக்குள் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் குழறி அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரலும் கேட்டது. அவர் அப்படி அழுது நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உடம்பு இல்லாவிட்டால் தர்ப்பையில் உருச் செய்து கடமை முடிக்கலாம் என்கிறார் இங்குள்ள கோயில் ஐயர். அண்ணி சம்மதித்துவிட்டார். உங்களுக்கு எங்கே வலித்தது, யாரைக் கூப்பிட்டீர்கள், ஒன்றுமே தெரியாமல் எப்படி எள்ளும் தண்ணீரும் இறைப்பது? ஆனாலும் இறைப்பேன். ஒரு குறையும் வைக்கமாட்டேன். அண்ணியைத் தனியே விடவும்மாட்டேன், இது சத்தியம். அவர் இப்போதுதானே அழத் தொடங்கியிருக்கிறார்.

உங்களோடு கூடப்பிறந்த
தம்பி