நிதித் திணைக்களத்தின் ஒரே ஆளுக்கு

இன்று காலை கதவைத் திறந்ததும் மாடிப்படியெல்லாம் தரை கழுவும் ஜாவல் மருந்தின் மணம். யாரோ கழுவிவிட்டிருக்கிறார்கள். சார்செல் புறநகரில் பள்ளிக்கூடம் கழுவி முடித்துவிட்டு, இதே மணத்தோடு ரூ காய் தெருவில் நான் வேலை செய்யும் சேலைக் கடைக்குள் வந்து நிற்பாய். "எடி, தள்ளி நில்லடி, பட்டெல்லாம் மணக்கப் போகுது" என்று கத்துவேன். நீ வேண்டுமென்றே இன்னும் கிட்ட வருவாய். இன்று படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

2009இல் ஊரில் போர் முடிந்தபோது எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பல் முழுவதும் செத்த வீடு. அதற்கடுத்த வருடம்தான் ஒரு அவை தேர்ந்தெடுப்போம் என்று புறப்பட்டோம். வாடகை மண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள், பெயர் மட்டும் தேசிய அவை. நாடு இல்லை, அவை இருந்தது. பெண்களும் வேண்டும் என்று உன்னையும் என்னையும் இழுத்துவிட்டார்கள். முகாம்களில் கிடந்த சனத்துக்கென்று சேர்ந்த பணம் அதுவரை நகைக்கடை அண்ணையின் கையில்தான் இருந்தது. கேட்பார் இல்லை. ஆகவே நிதித் திணைக்களம் ஒன்று நிறுவுவது எங்கள் முதல் வேலையாயிற்று. 'அதற்கு ஒரு பொறுப்பாளர்' என்று தீர்மானத்தில் எழுதியிருந்தது. இயக்கத்தில் அதிகாரம் வைத்திருந்தவர்களின் பதவிப் பெயர் அது. காதில் விழுந்தால் எங்கள் ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள், இன்றைக்கும்.

நீ மட்டும் தாழ்த்தவில்லை. நூலகத்தில் எடுத்த ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தை ரயிலில் வாசித்துக்கொண்டு திரிந்தாய். அமெரிக்கா புதுநாடாக இருந்தபோது அதன் முதல் சட்டசபை எப்படித் திறைசேரியை உண்டாக்கியது என்ற கதை. "அவையளும் எங்களை மாதிரித்தானடி. கஜானா வெறுமை, கழுத்துமட்டும் கடன். ஒரு ஆளிட்டைக் குடுக்கிறதோ, குழுவிட்டைக் குடுக்கிறதோ எண்டு சண்டை. கடைசியிலை ஒரு ஆள்தான். ஆனா சபை கேட்டா வந்து பொறுப்புச் சொல்லவேணும். காசை வைச்சிருக்கிறது ஒராள், கணக்குப் பாக்கிறது வேறை ஆள். அதோடை, அந்தத் திணைக்களத்திலை இருக்கிறவை வியாபாரம் செய்யக்கூடாது." கடைசி வரியைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அவையில் பாதிப்பேர் கடைக்காரர்கள்.

மண்டபத்தில் நீ எழுந்து இவற்றையும் தீர்மானத்தில் சேர்க்கக் கேட்டாய். நகைக்கடை அண்ணை கோபப்படவில்லை. "தங்கச்சி, நம்பிக்கைதானே முக்கியம்" என்றார். "நம்பிக்கை இருந்தா திணைக்களம் எதுக்கு அண்ணை?" என்று கேட்டாய். வாக்கெடுப்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள்.

இடையில் ஒரு ஆள் கடைக்கு வந்தார். முன்பின் பார்த்ததில்லை. ஒரு சேலையை விரித்துப் பார்த்தபடியே, "உங்கட சிநேகிதி நல்லா வாசிக்கிறா போலை. அவவின்ரை தம்பி ஒருத்தர் வவுனியா முகாமிலை என்ன?" என்றார். சேலையை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுப் போனார். அன்று பின்னேரமே உன்னிடம் சொன்னேன். "ஓம், எனக்கும் சொன்னவை" என்றாய்.

வாக்கெடுப்பில் நீ வென்றாய். நம்பவே முடியவில்லை, கடைக்காரர்களே கை தூக்கினார்கள். ஏனென்று உடனேயே விளங்கியது. நகைக்கடை அண்ணை எழுந்து, "சட்டப்படி கடைக்காரர் நாங்கள் ஒருத்தரும் வரேலாது. இவ வியாபாரி இல்லைத்தானே, இவவே இருக்கட்டும்" என்றார். பயமெல்லாம் இனி உன் ஒருத்தியின் தலையில் என்று எல்லோரும் கை தட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை, கேட்கவும் விருப்பமில்லை.

பணம் வங்கிக்கு வந்தது. உன் கையெழுத்தும் கணக்குப் பார்ப்பவரின் கையெழுத்தும் இல்லாமல் அசையாது. கொஞ்சக் காலம் முகாமிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒழுங்காகப் போனது. பிறகு அதை ஒரு கடையில் போட்டுப் பெருக்கலாம் என்று அண்ணை கேட்கத் தொடங்கினார். கணக்குப் பார்த்தவர், "எனக்குப் பிள்ளையள் இருக்கு" என்று சொல்லித் தன் கையெழுத்தை வைத்துவிட்டு விலகினார்; நீ வைக்கவில்லை. உறுப்பினர்களும் ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள். நீ மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று பொறுப்புச் சொன்னாய். கடைசியில் கேட்பதற்கு நான் ஒருத்திதான். வெறுங்கதிரைகளைப் பார்த்து நீ வாசிக்கும்போது எனக்கு வாசல் பக்கமே கண் போகும்.

அந்தக் காலத்தில்தான் உன் தம்பி உனக்கு ஃபோன் எடுத்தான். முகாமிலிருந்து வெளியே வந்திருந்தான். "அக்கா, அங்கை நீ என்ன செய்யிறாய்? இஞ்சை வந்து விசாரிக்கினம்." அண்ணையின் ஆட்களோ வேறு யாரோ, இன்றுவரை தெரியாது. நான் உன்னோடு கிழித்துப் பேசினேன். "கையெழுத்தை வைச்சிட்டு வாவன்டி. அவன்ரை உயிரோடை விளையாடுறாய்." நீ பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனாய். நெஞ்சில் கல் உள்ளவள் என்றுதான் நினைத்தேன். நீ நோயில் மெலிந்து வைத்தியசாலையில் கிடந்தபோதும் அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. அதோடேதான் உன்னைச் சுடலைக்கு அனுப்பினேன்.

போன கிழமை அவையைத் திரும்பக் கூட்டினார்கள். பணம் அப்படியே கிடக்கிறது, திணைக்களத்துக்கு ஆள் வேண்டும். வியாபாரி இல்லாத ஆள். என் பெயரைச் சொன்னார்கள். மூன்றாம் நாள் உன் தம்பி எனக்கு ஃபோன் எடுத்தான்.

"அக்கா, திரும்பவும் வந்தவை. இந்தமுறை உங்கட பேரைச் சொல்லிக் கேட்டவை."

"நான் விலகிறன் தம்பி. உனக்கு ஏதும் நடந்தா என்னாலை தாங்கேலாது."

"அக்காவும் இதைத்தான் சொன்னவ. கையெழுத்து வைக்கட்டோ எண்டு கேட்டவ. நான்தான் வைக்காதை எண்டனான். முகாமிலை பக்கத்துக் கூடாரத்துச் சனத்தின்ரை காசக்கா அது. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. அவனைக் காட்டிக் கொடுக்காமல், என் ஏச்சையெல்லாம் நீயே வாங்கிக்கொண்டு போய்விட்டாய். அழுது தீர்த்தேன்.

உன் பயமும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உனக்கும் பயம் இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பொறுப்பாளராக இருக்க ஓம் என்று சொல்லிவிட்டேன். தம்பியை வீடு மாறச் சொல்லியிருக்கிறேன்.