அவள் அழுத காரணம்

1956, மார்கழி 9.

கல்யாணமாகி நான்கு மாதம். ஆண்மை இல்லையோ என்ற பயத்தில், குரங்கணி மலையில் நான் வேலை பார்க்கும் ஏலக்காய்த் தோட்டத்திலேயே தங்கிவிட்டு, வீட்டுக்கு வருவதைக் குறைத்திருந்தேன். சந்தையில் வாங்கிய லேகியத்தால் வயிறு கெட்டதுதான் மிச்சம். நேற்று என் மனைவி செல்லம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்று அவளே என்னைப் போடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் என்னைத் தனியே சோதித்தார். "காலையில முழிக்கும்போது எழுச்சி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"அப்ப உடம்புல பெரிய கோளாறு இருக்காது தம்பி. பயந்தான் காரணம். லேகியத்தை விட்டுருங்க. பீடியையும் விடுங்க. நல்லாத் தூங்குங்க. கொஞ்ச நாளைக்கு அதைப் பத்தி நினைக்காம, ரெண்டு பேரும் சந்தோசமா இருங்க."

திரும்பும் வழியில் செல்லம்மாளிடம், "உன்னைய வேற நல்ல இடத்துல குடுத்திருக்கலாம். ராத்திரியெல்லாம் அழுதியே" என்றேன்.

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "கிறுக்கா ஒங்களுக்கு? அதுக்கா அழுதேன்? என்னையப் பிடிக்காமத்தான் மலையிலயே கெடக்கீகன்னுல்ல அழுதேன்!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெரசா வாங்க, பசிக்குது" என்றாள்.

இப்போது அயர்ந்து தூங்குகிறாள். விடிந்தால் தோட்டத்துக்குப் போகவேண்டும். போக மனமே இல்லை.